காளான் அறையின் கடவுச்சொல்

பல் துலக்கியில் பற்பசையை எவ்வளவு வைப்பது என்று பெய்-சுன் ஒரு கணம் யோசித்தாள். அப்பா எதிலும் சிக்கனம். பட்டாணி அளவுக்கு வைத்து, துலக்கியைக் குவளையின் மேல் குறுக்காகக் கிடத்தி, வெந்நீர்க் கிண்ணத்தையும் துண்டையும் சேர்த்துத் தட்டில் ஏந்திக்கொண்டு முன்கூடத்துக்குப் போனாள். அங்கே மஞ்சள் திரைக்குப் பின்னால், குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். திரைக்கு முன்னால் ஒரு மேசையில் அவர் படமும் ஊதுவத்தியும் இருந்தன.

"அப்பா, எழுந்திருங்க. முகம் கழுவிக்குங்க."

வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாதாம். எடுக்கும் நாள் வரை தினமும் உயிரோடு இருப்பவருக்குச் செய்வதுபோலவே செய்யவேண்டும் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். கழுவி முடிக்கட்டும் என்று சற்று நின்றுவிட்டு, கஞ்சியும் வெள்ளரி ஊறுகாயும் பொரித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். ஊதுவத்தி பாதி எரிந்ததும் சித்தப்பா இரண்டு நாணயங்களைக் கையில் குலுக்கி, "அண்ணே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று தலை, ஒன்று பூ. சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம்.

"சாப்பாட்டு விஷயத்துல மட்டும் ஒரே தடவையில பதில் சொல்லிடறான்," என்றார் சித்தப்பா.

அப்போதுதான் துயெத் பின்கட்டு வழியாக ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள். வியட்நாமிலிருந்து வந்து நான்கு வருடமாகக் காளான் கொட்டகையில் வேலை பார்ப்பவள். சாவு வீட்டுக் கூடத்துக்குள் பூட்ஸோடு வரக்கூடாது என்பதுகூட மறந்துபோயிருந்தது.

"அக்கா, மூணாம் ரூம் சூடாகுது! கரண்ட் போயிட்டு வந்துச்சில்ல, ஏசி பேனல் நாம வச்ச டிகிரியை மறந்துபோச்சு. இப்பவே இருபத்திரெண்டு டிகிரின்னு காட்டுது. குறைக்கப் பார்த்தேன், கடவுச்சொல் கேக்குது. என் கணக்குல பார்க்க மட்டும்தான் முடியும்."

"ஜன்னலைத் திறந்து விட்டா?" என்றார் சித்தப்பா.

"வெளியில அதைவிட சூடு ஐயா. மொட்டு இப்பத்தான் விட்டிருக்கு. மத்தியானம் வரைக்கும் தாங்காது."

மூன்றாம் அறையில் காளான் வளரும் புட்டிகளை அப்பாவே தன் கையால் அடுக்கியிருந்தார். அடுக்கி முடித்து மறுநாள்தான் கொட்டகை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கடைசியாகச் செய்த வேலை அது. அது கொழகொழத்து நாறிப்போகப் பெய்-சுன் விடுவதாயில்லை. பேனல் விற்றவர்களுக்குத் தொலைபேசினாள். ஆள் நாளைக்குத்தான் வருவானாம்.

கடவுச்சொல் அப்பாவோடு போயிருந்தது. வேலையைவிட்டு நிறுத்திய ஒருவன், தெரிந்த பழைய எண்ணை அழுத்தி ஓர் அறை முழுவதையும் அவித்துவிட்டுப் போன நாளிலிருந்து அப்பா இந்த விஷயத்தில் வெறி பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். மாதம் இரண்டு முறை, வியாபாரிகள் எல்லாம் பூமித்தெய்வத்துக்குப் பழமும் பலகாரமும் படைக்கும் அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமிக்கு மறுநாளும், படையல் முடிந்த கையோடு போய்க் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார். பிறந்தநாள் கிடையாது, வண்டி எண் கிடையாது, தாளில் எழுதுவது கிடையவே கிடையாது. அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "உன்கிட்ட சொன்னா உன் தங்கச்சிக்குச் சொல்லுவே, அவ ஊருக்கே சொல்லுவா," என்றார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

"ஆறு எண்தானே? அவன்கிட்டயே கேட்டுருவோம்," என்று சித்தப்பா நாணயங்களை மறுபடி எடுத்தார்.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இருந்தப்ப எனக்கே சொல்லாத மனுஷன், இப்ப உங்களுக்குச் சொல்லுவாராக்கும்!"

"இப்ப என்ன அண்ணி பயம் அவனுக்கு? யார் திருடப்போறா? அண்ணே, முதல் எண் ஒண்ணா?"

இரண்டும் தலை. அப்படி விழுந்தால் போனவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். இரண்டா என்று கேட்டார். இரண்டும் பூ. இல்லையாம். மூன்றுக்குத் தலையும் பூவும் விழுந்தது. பெய்-சுன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். படித்தவள், கணினிச் சில்லு ஆலையில் பொறியாளர், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாணயத்தைத்தான் பார்த்தாள். ஐந்தாவது எண்ணில் அப்பா விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். ஏளனம் பேசிய அம்மா வந்து நாணயத்தைப் பிடுங்கி, "விளையாடாதீங்க. புள்ள கேக்குதில்ல?" என்று அதட்டிப் போட்டாள். தலையும் பூவும் விழுந்தது.

ஆறாவது எண்ணும் கிடைத்ததும் சித்தப்பாவும் துயெத்தும் அவளோடு வந்தார்கள். கொட்டகை வாசலில் பெய்-சுன்னின் கால் தயங்கியது. உள்ளே வந்து ஐந்து வருடம். சின்-சு நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "இங்கேர்ந்து போறவங்க பேரு அன்னிக்கே பேனல்லேர்ந்து போயிடணும். மகளா இருந்தா மட்டும் என்ன?" என்று சொல்லிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனார். அவள் பெட்டியோடு வாசலைத் தாண்டும்போது பேனலின் பீப், பீப் என்ற சத்தம் கேட்டது. அப்புறம் புத்தாண்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள். கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அந்தச் சத்தத்தை அவள் மன்னிக்கவில்லை.

மூன்றாம் அறைக் கதவருகே பேனல் இருபத்து நான்கு என்று காட்டியது. அப்பாவின் பெயரில் ஆறு எண்களையும் அழுத்தினாள். தவறு.

"தலைகீழா சொல்லியிருப்பான். அவன் குசும்பு எனக்குத் தெரியாதா?" என்றார் சித்தப்பா. தலைகீழாகவும் அழுத்தினாள். தவறு. இன்னும் ஒருமுறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று திரை எச்சரித்தது.

"செத்தும் சட்டத்தை மீற மாட்டேங்கறான் பாரு," என்றார் சித்தப்பா. சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துயெத்தின் கணக்கில் ஏதாவது வழி இருக்குமா பார்க்கலாம் என்று பெய்-சுன் பெயர்ப் பட்டியலில் அம்புக்குறியை அழுத்தினாள். சியென், அது அப்பா. துயெத். விரல் இன்னொரு முறை பட்டுவிட்டது.

பெய்-சுன்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இது... இது எப்ப வந்துச்சு?"

"அது எப்பவும் இருக்குதே அக்கா," என்றாள் துயெத். "நான் வந்த நாள்லேர்ந்து இருக்கு. இது யாருன்னு ஒரு தரம் கேட்டேன். லீவுல இருக்காங்கன்னு முதலாளி சொன்னாரு."

"அஞ்சு வருஷம் லீவு எந்தக் கம்பெனியில குடுக்கறான்?" என்றார் சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை கேட்ட பீப் சத்தம் என்னவென்று இப்போது புரிந்தது. மகளுக்குத் தெரிந்திருந்த தன் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார். அவளுடையதைத் தொடவில்லை. அப்படி ஒரு சட்டம் பேசிய மனுஷன், தன் பூட்டில் இப்படி ஓர் ஓட்டையை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் இருந்திருக்கிறார். பெய்-சுன் பழைய எண்ணை யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, விரல் தானாகப் போயிற்று. பேனல் திறந்தது. பழைய கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, புதியதை இடவும் என்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா ஏற்கெனவே சுவரைப் பார்த்துத்தான் நின்றிருந்தார். துயெத்தும் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

புதிய எண்ணைப் போட்டாள். பிறந்தநாள் இல்லை, வண்டி எண் இல்லை. வெப்பத்தைப் பதினைந்துக்கு இறக்கி, உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினாள். உள்ளே காற்றாடிகள் கனைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. கதவிடுக்கில் வந்த குளிர்காற்று கணுக்காலில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை. ஆஸ்பத்திரியில் வரவில்லை, பெட்டியை மூடியபோது வரவில்லை. பேனலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு சித்தப்பா மெல்லக் கேட்டார்.

"அவன் பேரு?"

அதுவும் செய்துதான் ஆகவேண்டும். யாருக்கும் தெரியாத கடவுச்சொல்லோடு, ஆளில்லாத ஒரு கணக்கு இயந்திரத்தில் கிடப்பதை அவரே பொறுத்துக்கொள்ள மாட்டார்.

"எடுத்துடறேன், சித்தப்பா."

சியென் என்ற பெயரின் மேல் விரலை வைத்து, நீக்கு என்பதை அழுத்தினாள். நீக்கவில்லை. இந்தப் பயனர் இப்போது கைப்பேசி வழியாக உள்ளே இருக்கிறார், அங்கே வெளியேறிய பிறகுதான் நீக்க முடியும் என்று திரையில் வந்தது.

அப்பா சோறு தின்னும்போதுகூடக் கைப்பேசியில் அறைகளின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கத்தான் முடியும், மாற்ற முடியாது. அப்படித்தான் அமைத்து வைத்திருந்தார். அந்தக் கைப்பேசி ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அடுக்களையில், சோறு பொங்கும் மின்குக்கரின் பக்கத்தில் அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் கம்பி சுவரிலிருந்து அவள் மடிக்கு இழுபட்டுக் கிடந்தது. மடியில் அப்பாவின் கைப்பேசி. அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண்கள் தெரியும்.

பெய்-சுன் கையை நீட்டினாள்.

"என்ன?"

திரையின் ஓரத்தில் வெளியேறு என்ற பொத்தான் சின்னதாகத் தெரிந்தது. தொட்டால் போதும்.

"இறங்குது பாரு," என்றாள் அம்மா. "நீ உள்ள போனப்ப இருபத்தி நாலு. இப்ப இருபத்தி ஒண்ணு."

பெய்-சுன் கையை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் தெரியட்டும் என்று அம்மா கைப்பேசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.