டிஷ்யூ என்று எழுதிய பெட்டி

பேராசிரியர் விஜயராகவனுக்கு ஆய்வகத்தில் இழை நூற்கும் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தெரியும். எந்தக் குமிழைத் திருகினால் அது ஓடும் என்று தெரியாது. ஓட்டுவது அவருடைய ஆராய்ச்சி மாணவி தீபலட்சுமி.

சிரிஞ்சில் பாலிமர் கரைசலை நிரப்பி ஊசிக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், முனையில் தொங்கும் சொட்டு நூலாக இழுபட்டுப் பறக்கும். தலைமுடியைவிட மெல்லிய இழைகள் எதிரே உள்ள தகட்டில் படிந்து படிந்து வெள்ளைத் தாள்போல் ஆகும். கொஞ்சம் கடல்காற்று உள்ளே வந்தாலும் போச்சு. இழை காயாமல் மணிமணியாகத் திரண்டுவிடும். மழை ஓய்ந்த பிறகுதான் அவளுக்குக் குறையில்லாமல் ஒரு தாள் கிடைத்தது. மறுநாள் அதை ஊருக்குள்ளேயே இருக்கும் கதிர்காமத்துக்குக் கொண்டுபோனால், அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் மேனகா அதன்மேல் தோல் செல்களை வளர்ப்பார். தவறினால் அவளுக்கென்று ஒதுக்கிய செல்கள் வேறொருவருக்குப் போகும். அவள் படிப்பு இன்னொரு வருஷம் இழுக்கும்.

அன்று பார்வையிடும் குழு வந்தது. காலையிலேயே விஜயராகவன் தாள் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இன்னாம்மா, ‘ஸ்கேஃபோல்டு’ன்னு எழுதி வச்சிருக்க? வர்றவங்களுக்கு இன்னா புரியும்? டிஷ்யூன்னு பெருசா போடு.”

“செல் வளர்ந்தாதான் சார் டிஷ்யூ. இது வெறும் சாரம், வீட்டுக்குக் கட்டுற மாதிரி…”

“எனக்கே பாடமா? போடும்மா.”

போட்டாள்.

குழுவின் தலைவர் கோபிநாத்துக்குக் கவனமெல்லாம் கட்லெட்டில். விஜயராகவன் ‘சிலந்தி’ என்றார், ‘புரட்சி’ என்றார். கோபிநாத் தலையாட்டிக்கொண்டே தின்று முடித்தார். கையை நீட்டிப் பெட்டியைத் திறந்தார். தாளை எடுத்து வாயைத் துடைத்தார். பிறகு விரல்களை, நிதானமாக.

“மெத்துன்னு இருக்கே! எங்க வாங்குனீங்க?”

விஜயராகவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். “லோக்கல்தான் சார்” என்று இளித்தார். குழுவும் சிரித்து வைத்தது. எதற்கென்று அதில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் தீபலட்சுமி பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். “சட்டுனு இன்னொன்னு போட்டுடும்மா. தோச ஊத்துற மாதிரிதானே.”

நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கக்கூடக் கூசுகிறவள் அவள். அந்த இளிப்பு இன்னும் அவர் முகத்திலிருந்து இறங்கவில்லை. அதைப் பார்த்தபடியே போனை எடுத்து மேனகாவைக் கூப்பிட்டாள்.

“மேடம், நாளைக்கு வரல. தாள் போயிடுச்சு.”

“ஐயோ, கிழிஞ்சிடுச்சா?”

“இல்ல மேடம். கட்லெட் சாப்ட்டு வாயத் தொடச்சிட்டாங்க.”

கோபிநாத்தின் கை அப்படியே நின்றது. போனை வை என்று விஜயராகவன் கண்ணால் மிரட்டினார்.

“யாரு?” என்றார் மேனகா.

தீபலட்சுமி குரலைத் தாழ்த்தவில்லை. துடைத்தவர் பெயரைப் பதவியோடு சொன்னாள். பெட்டிமேல் டிஷ்யூ என்று எழுதச் சொன்னவர் பெயரைச் சொன்னாள். பார்த்துக்கொண்டே நின்று ‘லோக்கல்தான்’ என்றவர் பெயரையும் சொன்னாள். கடைசி இரண்டும் ஒரே பெயர்தான். இரண்டு தடவையும் முழுசாகச் சொன்னாள்.