மிங்கோவின் பின்னால் நடந்தவர்கள்

பிலடெல்பியாச் சந்தையில் கெசியா விற்கிற மிளகுச் சூப்பைக் குடிக்க அந்தக் கோடை முழுக்க வந்தவன் மிங்கோ. புதிதாய்ப் பிறந்த நாட்டுக்கு அரசியல் சாசனம் எழுதத் தெற்கேயிருந்து வந்த கனவான் ஒருவரின் அடிமை. சபையில் பேசுவது வெளியே போகக் கூடாதென்று சன்னலையெல்லாம் அடைத்து வைத்தவர்கள், விருந்தில் ஒயின் ஊற்றுகிறவனுக்கும் காது உண்டென்பதை மறந்துவிட்டார்கள்.

"எங்க தலையை எண்ணி எங்க எசமானுங்க வரப்போற ஆட்சி சபையில கூடுதல் இடம் வாங்கிட்டாங்கக்கா. அஞ்சு அடிமைக்கு மூணு ஆள் கணக்காம். ஓட்டு மட்டும் எங்களுக்கில்ல. எண்ணுறப்ப கையை விட்டாங்களோ காலை விட்டாங்களோ, தெரியல."

"வாயை விடல. அது நல்லாத் தெரியுது," என்றாள் கெசியா.

ஆகஸ்டில் காய்ச்சல் கண்டு மிங்கோ போய்ச் சேர்ந்தான். எசமான் ஒரு சவப்பெட்டி கொடுத்ததோடு சரி.

கெசியாவைப் போல விடுதலை பெற்ற கறுப்பர்கள் அப்போதுதான் ஊரில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். உறுப்பினர் இறந்தால் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுப் பெட்டியின் பின்னால் நடக்க வேண்டும். மிங்கோவுக்கும் அந்த மரியாதை வேண்டுமென்று கெசியா போய் நின்றாள்.

தலைவர் எலியேசர் நல்ல மனிதர்தான். அடிமை எப்படி உறுப்பினராவான், எசமானோ சட்டம் எழுதுகிறவர், நாளைக்குச் சங்கத்துக்கே பொல்லாப்பு வரும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அவள் நகர்வதாக இல்லை.

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். மூணு பேர் போகட்டும்," என்றார் கடைசியில்.

கெசியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மிங்கோ சொன்ன கணக்கைச் சொன்னாள்.

"அங்கயும் இப்படித்தாண்ணே, சண்டை வேணாம்னு பேசி முடிச்சிருக்காங்க. அவங்க அவனை முழு ஆளா எண்ணல. நாமளுமா?"

எலியேசர் எழுந்து, ஆட்களைக் கூப்பிடக் கிளம்பத் தொப்பியைத் தேடினார்.

மறுநாள் பெட்டிக்குப் பின்னால் சங்கமே திரண்டு வந்தது. வண்டிச் சத்தம் உள்ளே கேட்காதிருக்க, சபை மண்டபத்தின் முன்னால் கல் தெருவில் மண் கொட்டியிருந்தார்கள். அத்தனை பேர் நடந்தும் காலடிச் சத்தம் எழவில்லை. அது கெசியாவுக்குப் பொறுக்கவில்லை. வாய் திறந்து பாடினாள். தெருவே சேர்ந்து பாடியது.

காவலன் ஓடி வந்தான். பெரியவர்கள் வேலையாக இருக்கிறார்கள், சத்தம் கூடாதென்றான்.

எலியேசர் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"எங்க ஆளு ஒருத்தர் போறார், ஐயா," என்றார்.

பாட்டு நிற்கவில்லை. காவலன்தான் ஓரமாக ஒதுங்கினான்.