என்ஜினுக்கு ஒரு உருண்டை களி

அண்ணன் திம்மராயன் காரோடு ஓசூர் பட்டறைக்கு வந்து நின்றதை ருக்மணியால் நம்பவே முடியவில்லை. மெக்கானிக் முனிவேலை அவள் கட்டிக்கொண்டதிலிருந்து காவேரிப்பட்டினத்துப் பிறந்தவீடு அவளோடு பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ப் பக்கம் விமானத் திடலில் கார் பந்தயம். என்ஜின் கட்ட முனிவேலை விட்டால் ஆளில்லை என்று யாரோ சொன்னதால்தான் அவன் வந்திருந்தான்.

தங்கையிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முனிவேலை "மெக்கானிக்கு" என்றே கூப்பிட்டான்.

வேகம் கூட வேண்டுமென்று என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அடியில் இழைத்தே கொண்டுவந்திருந்தான். கசிவு தடுக்க அதற்குக் கீழே வைக்கும் கேஸ்கட் தகடுகள் இரண்டு தயாராக இருந்தன. மெல்லிய செம்புத் தகடு அவன் வாங்கி வந்தது. தடித்தது முனிவேல் எடுத்து வைத்தது.

"மெல்லிசையே போடு, மெக்கானிக்கு. அப்பத்தான் இழுக்கும்."

"சரிங்க மச்சான்."

ருக்மணிக்குத் திக்கென்றது. சற்றுமுன்தான் முனிவேல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்து, "இழைச்ச ஹெட்டுக்கு மெல்லிசு போட்டா வால்வு பிஸ்டன்ல இடிக்கும்" என்று புலம்பிவிட்டுப் போனான். வேறு யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பான். முதன்முதலாக வாசல் மிதித்த மச்சானை மறுத்துப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் பந்தயத்தில் என்ஜின் உடைந்தால் அண்ணன் இனி இந்தப் பக்கமே திரும்பமாட்டான்.

முனிவேல் செம்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இளக வைத்துக்கொண்டிருந்தான். ருக்மணி ஒரு தட்டில் ஆறிய ராகிக் களி உருண்டையோடு வந்தாள்.

"நான் இங்க சாப்பிடறதா இல்ல" என்றான் திம்மராயன், வேறெங்கோ பார்த்தபடி.

"உனக்கு யாரு வெச்சாங்க? என்ஜினுக்குண்ணா. களி வெச்சுப் பாக்காம இவரு எந்த ஹெட்டையும் மூடினதில்ல. இன்னிக்கி கேக்க மறந்துட்டாரு."

முனிவேல் அவளை முறைத்தான்.

"என்ஜினுக்குக் களியா!" திம்மராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வை, பாப்பம்."

முனிவேல் பிஸ்டன்மேல் எண்ணெய் தடவிக் களியை அப்பினான். மெல்லிய தகட்டை வைத்து ஹெட்டை முடுக்கினான். என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினான். வால்வு பதிந்த இடத்தில் களியே இல்லை, இடைவெளி துளியும் இல்லாமல் நசுங்கி விலகியிருந்தது. பிஸ்டன் பளபளவென்று தெரிந்தது.

திம்மராயன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஓட்டத்துல இடிச்சிருக்குமா?"

"இடிச்சிருக்குமுங்க மச்சான்."

"தெரிஞ்சேதான் 'சரிங்க'ன்னியா?"

முனிவேல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பின்ன? நீ வந்ததே பெருசுன்னு வாயைக் கட்டிக்கிட்டாரு" என்றாள் ருக்மணி.

திம்மராயன் தடித்த கேஸ்கட்டைத் தானே எடுத்து நீட்டினான்.

இந்தமுறை வால்வுக்கடியில் களி நகக்கனத்துக்கு நின்றது. முனிவேல் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி நட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சங்கொஞ்சமாக முடுக்கினான். என்ஜின் உறுமியது. மூவரும் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தார்கள். கேஸ்கட் சரியாகப் படியாவிட்டால் தண்ணீரில் குமிழி கிளம்பும். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

திம்மராயன் என்ஜினை அணைத்தான்.

"ஏன் மாப்பிளே, களி பூராவும் என்ஜினே தின்னுடுச்சா? மிச்சம் ஏதாச்சும் இருக்குதா?"

முனிவேல் அவளைப் பார்த்தான். ருக்மணி தட்டெடுக்க உள்ளே ஓடினாள்.