கோவில்பட்டி என்னும் மனக்காயம்

மனித மனத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றைப் பணிவன்புடன் அறிவிக்கிறோம்: வலியசாலை ஸ்ரீனிவாசன், வயது ஐம்பத்து மூன்று, தமது ஆறாத மனக்காயத்தை நேருக்கு நேர் சந்திக்க ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்.

காயம் ஏற்பட்டது ஆறாம் வகுப்பில். குடும்பம் திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த முதல் வாரம். சொந்த ஊர் எது என்று கணக்கு சார் கேட்க, எழுந்து நின்று "கோவில்பட்டி" என்றார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். வகுப்பே வெடித்துச் சிரித்தது. யாரோ குரைத்தார்கள். தலையைக் கவிழ்த்த ஸ்ரீனிவாசன் மணியடிக்கும்வரை நிமிரவில்லை.

அதன்பின் ஊர் கேட்டால் "திருநெல்வேலிப் பக்கம்" என்பார். நாலு பேர் கூடிய இடத்தில் மலையாளத்தில் வாய் திறக்கமாட்டார். அலுவலகம் இதைத் தன்னடக்கம் என்று பாராட்டியது. மண்டல மேலாளர் ஆனால் கூட்டங்களில் பேசவேண்டுமே என்று இரண்டு முறை பதவி உயர்வை மறுத்திருந்தார். மூன்றாவது கடிதத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் தரவேண்டும், இதற்குமேல் வராது.

இந்நிலையில்தான் அலுவலகத்தில் ஆளுமைப் பயிற்சி நடந்தது. காயத்தைக் கொடுத்தவரைச் சந்தியுங்கள் என்றார் டை கட்டிய பயிற்சியாளர். அன்று வகுப்பில் முதல் ஆளாகச் சிரித்தவன் ஷாஜி. இப்போது கிழக்கேகோட்டையில் டயர் கடை வைத்திருக்கிறான்.

"போறதுதான் போறேள், பின் டயரையும் மாத்திண்டு வந்துடுங்கோ," என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

ஷாஜி டீ வரவழைத்தான். ஸ்ரீனிவாசன் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தார். முதல் பக்கம் முடிவதற்குள் ஷாஜி கையைக் காட்டி நிறுத்தினான்.

"எடா ஸ்ரீனி, நீ சொன்னது ஆருக்கு கேட்டுது? அப்பத்தான் பின்வாசல் வழியா ஒரு பட்டி கிளாஸுக்குள்ள கேறி வந்தது. சார் பேடிச்சு மேசை மேல சாடிட்டாரு. வேஷ்டி ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். சிரிக்காம பின்ன?"

"குரைச்சது யாரு?"

"பட்டிதான். பின்ன பட்டி பாடுமோ?"

ஸ்ரீனிவாசன் மீதி மூன்று பக்கங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாற்பத்திரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனது. சிரித்தார். டீ புரையேறும்வரை சிரித்தார். ஷாஜி தலையில் தட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பதவியை ஏற்றுக்கொண்டார்.

மண்டல மேலாளர் கூட்டமெல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கிறது.