நிலா இல்லாத படம்

அண்ணனுக்குக் காலி இடம் என்றால் ஆகவே ஆகாது. சட்டைப்பை சும்மா இருந்தால் நாலு பேனாவைச் செருகிக்கொள்வான். அவனுடைய ஸ்டூடியோ சுவரில் ஆணி அடிக்க விரற்கடை இடம் கிடையாது; பல் முளைக்காத குழந்தைகளும் பட்டம் வாங்கிய பெண்களும் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்காத குறைதான். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் மணமக்கள் மட்டும் நின்றால் அவனுக்குச் சோறு இறங்காது. மேலே ஒரு நிலா, ஓரத்தில் புறாக்கூட்டம், காலடியில் ரோஜா என்று அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

அந்த நிலாவையும் புறாக்களையும் வெட்டிக் கொடுத்தது வேறு யாருமில்லை, ஸ்டூடியோவில் அவனோடு வேலை பார்க்கும் தங்கைதான். கம்ப்யூட்டரில் அவற்றைப் போட்டுவைக்கும் ஃபோல்டருக்குச் ‘சாமான் பெட்டி’ என்று பெயர். விளிம்பில் பிசிறு தட்டாமல் நிலாவை வெட்டியெடுக்க அவளுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. அப்போது வேலை புதிது. அண்ணன் முதுகில் தட்டிக் கொடுத்ததில் உச்சி குளிர்ந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த ஒரே நிலா ஊரிலுள்ள அத்தனை ஜோடிகளின் தலைக்கு மேலும் உதித்துவிட்டது.

அவள் தனக்கென்று எடுக்கும் படங்கள் வேறு ரகம். விடியும்போது ஏரிக்குப் போவாள். மூடுபனி இல்லையென்றால் கேமராவை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பிவிடுவாள். பனி இருந்தால் எது உள்ளே வரக்கூடாது என்பதில்தான் அவள் பாடெல்லாம். ஒரு நாள் ஒரு படத்துக்காக ஈரக் கரையில் குப்புறப் படுத்து, எதிர்க்கரைப் பம்புக் கொட்டகை விலகும்வரை ஊர்ந்தாள். கரண்டுக் கம்பி விலகும்வரை இன்னும் ஊர்ந்தாள். கேமராவை அதன் போக்கில் விட்டால் பனியை அழுக்குச் சாம்பலாக்கிவிடும் என்று வெளிச்சத்தைக் கூட்டி வைத்தாள். கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான்: இடது மூலையில், கீழே, தண்ணீரில் நட்ட ஒரு கழி. கழியின்மேல் ஒரு நீர்க்காகம், வலப்பக்கம் பார்த்தபடி. மற்றதெல்லாம் வெள்ளை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எடுத்தவளுக்கே தெரியாது.

“ஏம்மா, மிச்சத்தை அடிக்கறதுக்குள்ள மை தீந்துபோச்சா?” என்று கேட்டாள் அண்ணி. அவள் வாய் அப்படி. மனசில் ஒன்றும் கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பு அறையைப் புதுப்பித்துவிட்டு, பெரிய சுவருக்கு இயற்கைப் படம் ஒன்று வேண்டும் என்று ஸ்டூடியோவைக் கேட்டார்கள். அண்ணன் அருவியும் மானும் பூந்தோட்டமுமாக ஒரு கட்டு அனுப்பினான். அதன் நடுவே தங்கை நைசாக நீர்க்காகத்தைச் செருகிவிட்டாள். ஆஸ்பத்திரி நிர்வாகி மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அதைத்தான் எடுத்தாள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வேறு எந்தச் சுவராக இருந்தாலும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் பெரிய பிரிண்டரிலிருந்து அவளுடைய படம் இறங்கிக்கொண்டிருந்தது. வலது மேல்மூலையில் நிலா. நடுவில் புறாக்கூட்டம். விடியற்காலைப் பனியில், ஏரி நடுவில், கல்யாண மண்டபத்துப் புறாக்கள்.

“என்ன இது?” என்றாள்.

“வெளிறிக் கிடந்துச்சு. கொஞ்சம் உயிர் கொடுத்திருக்கேன்,” என்றான் அண்ணன்.

“அந்தப் பறவை இப்ப நிலாவைப் பார்க்குது.”

“அதான் அழகே.”

“முன்னாடி அது எதையும் பார்க்கல. சும்மா பார்த்துக்கிட்டு இருந்துச்சு.”

“சும்மா பார்க்கறதைப் பார்க்க யாரு வருவா? பாதி வேலையில விட்டுட்டு வந்துட்டான்னு என்னைத்தான் ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நான் எடுத்தபடியேதான் மாட்டப்போறேன்.”

அண்ணன் பிரிண்டரை நிறுத்தினான். “அந்த மொட்டைப் படம் அங்க ஏறுச்சுன்னா, மறுநாள்லேர்ந்து நீ இந்தக் கடைப்படி ஏறக்கூடாது.”

அவன் சொன்னால் செய்வான். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். மேசை விளிம்பு அவள் முழங்கை பட்டுப் பட்டே பளபளவென்று ஆகியிருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போன சமயம் பார்த்து, தன் படத்தைத் தானே அடித்து, தானே சட்டம் போட்டாள்.

மாட்டுகிற நாளில் காத்திருப்பு அறைச் சுவரோரம் இரண்டு படங்கள் துணி போர்த்திச் சாய்ந்திருந்தன: அண்ணன் அடித்து முடித்துக் கொண்டுவந்தது ஒன்று, தங்கை கூலியாள் வைத்துக் கொண்டுவந்தது ஒன்று. அண்ணன் முந்திக்கொண்டு தன்னுடையதைத் திறந்தான். நிர்வாகி பார்த்தாள். கிட்டே போய் மறுபடியும் பார்த்தாள்.

“இந்த நிலா எங்க கல்யாண ஆல்பத்துல இருக்குங்க.”

“இருக்கும் மேடம். நம்ம ஸ்டூடியோதானே எடுத்தோம்,” என்றான் அண்ணன் பெருமையாக.

“அந்த மனுஷனையே விட்டாச்சு. இந்த நிலா என்னை விடமாட்டேங்குதே.” அவள் துணியை எடுத்துத் தானே மூடினாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தங்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு தன் படத்தைத் திறந்தாள்.

“ஆங், இதைத்தான் நான் கேட்டேன்,” என்றாள் நிர்வாகி. “எழுத இடம் தாராளமா இருக்குன்னுதானே எடுத்தேன். இங்க எங்க சின்னம் வரட்டும். அதுக்குக் கீழ ‘அமைதி காக்கவும்’. அப்புறம் கை கழுவுறது, செல்போன் பேசக்கூடாதுன்னு நாலு வரி. இவ்வளவு இடம் வீணாத்தானே கிடக்கு.”

கேட்டதும் தங்கைக்குக் காதெல்லாம் சுட்டது. அண்ணனாவது நிலாவோடு நிறுத்தினான். வாயை மூடிக்கொண்டு சரியென்றால் படம் ஏறும், அண்ணனிடமும் பேசிப் பார்த்துக்கொள்ளலாம். அவளால் முடியவில்லை.

“அது எழுதறதுக்கு விட்ட இடம் இல்ல மேடம்.”

“பின்ன எதுக்கு?”

“இங்க உட்கார்றவங்களுக்கு. எங்க அம்மாவை உள்ள கொண்டுபோன அன்னைக்கு நாங்க இதே அறையிலதான் உட்கார்ந்திருந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நோட்டீஸ். கல்லீரல் படம், இருமாதே, துப்பாதே, சத்தம் போடாதே. கண்ணை வைக்க ஒரு இடம் இல்ல. எங்க அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, மாடிப்படி பக்கத்துல வெறும் சுவரு கொஞ்சம் இருந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அம்மா போயிட்டாங்கன்னு வந்து சொல்றவரைக்கும் அங்கேர்ந்து கண்ணை எடுக்கல.”

அண்ணன் மாடிப்படிப் பக்கம் பார்த்தான். அங்கே இப்போது ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“அதெல்லாம் சரிதாம்மா. ஆனா மேலிடத்துல கேட்பாங்களே,” என்றாள் நிர்வாகி.

“கேட்டா எடுத்தவ ஒத்துக்கலைன்னு சொல்லுங்க. மாட்டினா இப்படியே மாட்டணும். ஒரு புள்ளி வைக்கக்கூடாது. இல்லேன்னா நான் தூக்கிட்டுப் போறேன்.”

சொன்னதோடு நிற்காமல் குனிந்து சட்டத்தைப் பிடித்துத் தூக்கவும் செய்தாள். ஒற்றை ஆள் தூக்குகிற படமா அது? ஒரு முனை எழும்பியது, மறுமுனை தரையைக் கிறீச்சென்று கீறியது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. இரண்டாம் முறை இழுத்தபோது மறுமுனையும் எழும்பியது. அண்ணன் அதைப் பிடித்திருந்தான். வண்டிக்குத்தான் கொண்டுபோகப் போகிறான் என்று அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

“அந்தப் பக்கம் எங்க போறே?” என்றான் அவளிடம். பிறகு நிர்வாகியிடம், “கொஞ்சம் நகருங்க மேடம், ஆணி உங்களுக்குப் பின்னால இருக்கு,” என்றான்.

நிர்வாகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

படம் ஏறியது. வலப்பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது என்று அண்ணன் இரண்டு தரம் சரி செய்தான். சுவரோர நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எதிரில் இன்னும் தொங்கிய கல்லீரல் படத்திலிருந்து முகத்தைத் திருப்பி, அந்த வெள்ளையில் கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. தங்கை அதைப் பார்த்தாள். போதும் என்று இருந்தது.

திரும்பும் வழியில் அண்ணன் வண்டியை ஓட்டினான். பின்னால் புறாக்கள் துணிக்குள் கிடந்தன. தெருமுனை வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“தூக்கிவிட்டதால மனசு மாறிட்டேன்னு நினைச்சுக்காதே. சொன்னது சொன்னதுதான். நாளைக்கு நீ கடைக்கு வரவேண்டாம்.”

“வருவேன்.”

“எதுக்கு?”

“சாமான் பெட்டியைத் திறக்கணும். அந்த நிலாவை வெட்டினவ நான். அழிக்கப்போறதும் நான்தான்.”