இரண்டு முறை காணாமல் போன அத்தை

என் மச்சினன் எனக்கு நாலாயிரத்து எழுநூற்றைம்பது தர வேண்டியிருந்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு ஒரு நெட்வொர்க் டிரைவ் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பெட்டியின் விலையில் சரிபாதி. ஆளுக்குப் பாதி என்று கடை வாசலில் பேசினோம். உள்ளே போனதும் முழுப் பணத்தையும் நான்தான் எடுத்து வைத்தேன். வெளியே வந்து அவன், "சம்பளம் வந்ததும் தந்துடுறேன் மச்சான்" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு எத்தனையோ சம்பளம் வந்து போய்விட்டது.

பெட்டி வாங்கியதே குடும்ப மரத்துக்காகத்தான். என் மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை முன்னறையில் விட்டுவிட்டு, வம்சாவளி போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தாள். "லீவு நாளெல்லாம் குறட்டை விடுறதுக்குப் பதிலா, நம்ம ஆளுங்களை இதுல போட்டு வைங்கப்பா" என்றாள். நான் குடோனில் மூட்டை தூக்குகிறவன். எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பது தாண்டி, சங்கத்து மாலை வகுப்பில்தான். ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்து அமுக்குவதற்குள் அடுத்த எழுத்து எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் ஒருவர் பெயரைப் போட்டு, இன்னாருக்குப் பிள்ளை என்று காட்டியதும் திரையில் ஒரு கோடு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பாருங்கள், அதைப் பார்த்தால் தோள்வலி இருந்த இடம் தெரியாது.

மாடியில் குடியிருக்கும் மச்சினனுக்கும் இந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவனிடம் ஒரு லேப்டாப் உண்டு. ஆளுக்கொரு ஃபைல் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கு வழியில்லை. என் அம்மாவின் அண்ணன்தான் எனக்கு மாமனார். என் அம்மா அவனுக்கு அத்தை. அவளை எந்த ஃபைலில் வைப்பது? எனக்கும் வேண்டும், அவனுக்கும் வேண்டும். ஆகவே ஒரே ஃபைல், அதை வைக்க ஒரு பெட்டி. கீழேயிருந்தும் திறக்கலாம், மேலேயிருந்தும் திறக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். எப்படித் திறக்கக் கூடாது என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த போன் வந்தது. என் மகள் மரத்தைப் படம் பிடித்து சொந்தக்காரர்கள் குழுவில் போட்டிருந்தாள். அது கை மாறி, கை மாறி, எங்கேயோ போயிருக்கிறது.

"நீ சின்னண்ணன் மகனாப்பா?" வயதான குரல், ஆனால் கணீரென்று இருந்தது.

"ஆமாம்மா, நீங்க யாரு?"

"படத்துல எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் இருக்காங்க. பாத்தேன். மூணாவதா ஒரு பொண்ணு உண்டு, அது நான்தான்."

அப்பாவுக்கு ஒரு தங்கையா? அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போயிருக்கிறாள். இனி இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். அப்பாவும் பெரியப்பாவும் சாகும்வரை சொல்லவே இல்லை.

"அதுல எனக்கு எடம் இருக்குமாப்பா?"

"என்ன அத்தை இப்படிக் கேட்டுட்டீங்க. எடம் அதுபாட்டுக்கு நீளும்."

"அப்ப போடு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நேர்ல வந்து பாக்கறேன். ஒரு தடவை அங்க என் பேரைப் பாத்துட்டாப் போதும் எனக்கு."

அன்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. குடோனில் மேஸ்திரி கேட்டே விட்டார். "என்னய்யா, மூட்டையோட ஓடுற? பின்னாடி எவனாவது தொரத்துறானா?"

"அத்தை வர்றாங்க."

"அத்தை வர்றதுக்கு ஓடுறவனை இப்பத்தான் பாக்கறேன்."

வீட்டில் என் மனைவி விடுவாளா. "அத்தைக்குப் பொண்ணு இருக்கா?"

"ரெண்டு பேரு இருக்காங்களாம்."

"அதானே பாத்தேன். முறைப்பொண்ணுங்க வர்றாங்கன்னா சும்மாவா. சட்டையெல்லாம் தேய்க்கக் கொடுத்திருக்கீங்க."

"அவங்க பேரப்பிள்ளையே எடுத்திருப்பாங்கடி."

"உங்களுக்கு மட்டும் வயசு கீழ எறங்குதாக்கும்."

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, கைகால் கழுவின ஈரத்தோடு உட்கார்ந்து அத்தையைப் போட்டேன். அப்பாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் அவள் கட்டம், அவள் புருஷன், பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். சேமித்தேன். மறுநாள் திறந்தால் அத்தை இல்லை. அப்பா இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார், பக்கத்தில் வெறும் இடம்.

சரி, நாம்தான் எதையோ தப்பாக அமுக்கியிருப்போம் என்று எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். புதன்கிழமை பார்த்தால் மறுபடியும் இல்லை. தாத்தா ஒரு தடவை அழித்த பெயர். என் வீட்டிலேயே, என் கண்ணெதிரிலேயே மறுபடி மறுபடி அழிகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பவளிடம் என்ன சொல்வேன்?

ஃபைலைத் தொடுகிற இன்னொரு கை ஒன்றே ஒன்றுதான். அதற்கு முந்தின ஞாயிறுதான் நான் மச்சினனிடம், அவன் பெண்டாட்டி முன்னாலேயே, "மாப்ள, அந்தப் பெட்டிக் காசு?" என்று கேட்டிருந்தேன். அவன் முகம் சுருங்கிப் போனது. இப்போது கணக்கு எனக்குச் சரியாகப் பொருந்தியது. படியேறிப் போய்க் கேட்கலாம் என்று கிளம்பினால், அவனே பாதிப் படியில் என்னைத் தேடி இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"எங்க பெரியப்பா குடும்பத்தை ஏன் மச்சான் தூக்குனீங்க?"

"நான் தூக்குனேனா? எங்க அத்தையை நீ ஏண்டா தூக்குன?"

"காசு தரலைன்னா ஆளுங்களையே இல்லாம ஆக்கிடுவீங்களா?"

"காசு கேட்டா வயசானவங்களை அழிச்சுடுவியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. நாள் முழுக்க லிஃப்ட்டுக்குள்ள தொங்கிட்டு வந்து, உங்க அத்தையைத்தான் அழிச்சுட்டிருக்கேன்."

அவன் மேலே போனான், நான் கீழே வந்தேன். பிறகு அவரவர் இடத்தில் உட்கார்ந்து, அவரவர் ஆட்களை மறுபடி போட்டோம். வேறென்ன செய்வது? சனிக்கிழமை திறந்தபோது அவன் பெரியப்பா குடும்பம் அங்கே இல்லை. அத்தை மட்டும் இருந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்காக எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டில் திருவிழா மாதிரிதான். பெரிய டிவியை கம்ப்யூட்டரோடு இணைத்து, சோபாவைத் திருப்பிப் போட்டு, நான் கடைசியாக ஒரு தடவை மரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் சின்னப் பேத்தி பெயர் மட்டும் பாக்கி. மேலே மச்சினன் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. என் மனைவி தன் தம்பிக்கு டீ கொண்டுபோனாள். போன வேகத்தில் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஏங்க, கையை எடுங்க. எதையும் அமுக்காதீங்க." திரும்பி மாடியைப் பார்த்து, "டேய், நீயும் அமுக்காத" என்றாள்.

"என்னாச்சு?"

என் திரையை விரலால் தொட்டாள். "இதுல அத்தை இருக்காங்க. அவன் பெரியப்பா இல்ல. மேல அவன் திரையில பெரியப்பா வீட்டாளுங்க எல்லாரும் இருக்காங்க, அத்தை இல்ல. ரெண்டும் ஒரே ஃபைல்தான?"

"ஒரே ஃபைல்தான்."

"ஒரே நேரத்துல ரெண்டு பேரும் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க, அவன் புதன்கிழமை திறந்தவன் இன்னும் மூடவே இல்லையாம். நீங்க போட்டது அவனுக்குத் தெரியல, அவன் போட்டது உங்களுக்குத் தெரியல. கடைசியா யாரு சேவ் பண்றாங்களோ, அவங்களுதுதான் பெட்டியில நிக்குது. மத்தவங்களுது மேல மண்ணு விழுந்துடுது. ஒருத்தரை ஒருத்தர் அழிச்சுக்கிட்டு, படியில நின்னு வேற கத்துறீங்க."

நானும் மச்சினனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் படியில் லேப்டாப்பை இரண்டு கையாலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான். ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. நாலு நாள் சண்டை அந்தப் படியிலேயே வடிந்துபோனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது. அதற்குள் தெருவில் கார் வந்து நிற்கிற சத்தம்.

"அத்தை வந்துட்டாங்க" என்றேன். "மாப்ள, இப்ப என்ன பண்றது? நான் சேவ் பண்ணா உன் ஆளுங்க போயிடுவாங்க. நீ பண்ணா அத்தை போயிடுவாங்க."

அவன் தன் திரையைப் பார்த்தான். ஐந்தாறு நாளாக ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுப் போட்ட பெயர்கள் அதில் இருந்தன. வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"எங்க பெரியப்பா வீட்டாளுங்க இந்தத் தெருவுலதான இருக்காங்க, எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினான். சேமிக்கவா என்று அது கேட்டது. வேண்டாம் என்பதை அமுக்கினான். லேப்டாப்பையும் மடித்துவிட்டான். "ம், இப்ப நீங்க பண்ணுங்க."

நான் பேத்தி பெயரைப் போட்டுச் சேமித்தேன்.

அத்தை தன் இரண்டு பெண்களோடு உள்ளே வந்தாள். ஒல்லியான உடம்பு, அப்பாவின் மூக்கு. யார் நலத்தையும் விசாரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. நேராக டிவி முன்னால் போய் நின்றாள்.

"எது?"

"அதோ அத்தை, எங்கப்பாவுக்குப் பக்கத்துல."

"கண்ணாடியை வண்டியிலயே விட்டுட்டேன். யாராவது வாசிங்க."

நான் எழுத்துக் கூட்டி முடிக்க நேரமாகும். மச்சினன்தான் முன்னால் போய் வாசித்தான். அவள் பெயர், இன்னாருடைய மகள், இன்னார் இன்னாருடைய தங்கை என்று நிறுத்தி நிதானமாக, பின்கட்டு வரை கேட்கிற குரலில். "இன்னொரு தடவை" என்றாள் அத்தை. அவன் இன்னொரு தடவை வாசித்தான். அப்புறம்தான் அவள் சோபாவில் உட்கார்ந்தாள், சிரித்தாள், தண்ணீர் கேட்டாள். பிறகு வீடே கலகலவென்று ஆகிவிட்டது. முறைப்பெண்கள் இரண்டு பேரும் என் மனைவியோடு சேர்ந்துகொண்டு என் தேய்த்த சட்டையைக் கேலி செய்தார்கள்.

நடுவில் மகள் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். "அப்பா, மாமா தன்னோடதை வேற பேருல சேவ் பண்ணிருக்கலாமே. ரெண்டும் இருந்திருக்கும். அப்புறமா ஒண்ணா சேத்திருக்கலாம்."

அதை மச்சினனிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "இத முன்னாடியே சொல்றதுக்கு ஆள் இல்லாம போச்சே."

அத்தையை வண்டியேற்றிவிட்டு வாசலிலேயே நின்றோம். அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தான்.

"பாதிதான் இருக்கு மச்சான். மீதி அடுத்த மாசம்."

"உள்ள வை."

"சும்மா வாங்கிக்கங்க. அப்புறம் படியில நின்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன். உன் பெரியப்பா குடும்பத்தையே எங்க அத்தைக்காக விட்டுட்ட. அதோட அந்தக் கணக்கு தீந்துபோச்சு."

"அப்ப பெட்டியில பாதி எனக்குத்தான?"

"பாதி உனக்குத்தான். நான் திறந்திருக்கும்போது மட்டும் நீ திறக்காத."

அவன் நோட்டுகளைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, பெரியப்பா வீட்டாட்களை முதலிலிருந்து போட மாடிக்கு ஏறினான்.