சேர்க்கப்படாத பாத்தி

இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், கதவுக்கு முதுகு காட்டி, என் தம்பி. செடிப் பண்ணை அவனுடையது. அவனுக்கு வலப்பக்கம் ஜன்னலை ஒட்டி அவன் மனைவி. நாற்காலி காலியாக இருந்தும் தொட்டி அடுக்கும் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் உட்கார்ந்தாள். எதிரே பதிவேட்டோடு நான். நான்காமவர் உட்காரவில்லை. பண்ணையில் வெட்டுகிற வேலை முழுவதும் அவர் கையில் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கத்திரி'. உர மூட்டைகளின் மேல் முழங்கையை ஊன்றி நின்றார்.

மேசை நடுவில் பெரிய ஆஸ்பத்திரியின் கடிதம் இருந்தது. புதிதாகக் கட்டிய பகுதியில் ஓர் உள்முற்றம். மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் காத்திருப்போர் கூடத்தின் ஜன்னல்கள். வெயில் அதிகம் விழாது. பூச்செடிகள் வேண்டாம், முழங்காலுக்கு மேல் வளராத புல் வகைகள் போதும்; ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருடம் முழுக்கக் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு வருடமாக ஒப்பிட்டுப் பார்த்து வருவதாக அறிந்தோம், எதை நடலாம் என்று ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நல்ல கடிதம். ஒரு பத்தியில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுத்தார்கள்; இதை எழுதியவரும் அப்படி ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவராக இருக்க வேண்டும்.

பண்ணையின் கடிதங்களை எழுதுவது நான். ஒப்பிடும் பாத்திகளை வகுத்ததும், விதிகளை எழுதியதும், மாதம் ஒருமுறை அளந்து பதிந்ததும் நான்தான். ஆறு வகை. நரிவால் புல், வரிப்புல், பார்வைக்குப் புல்லாகவும் பிறப்பில் லில்லி இனமாகவும் இருக்கும் கொத்துப்புல், பிறகு மூன்று கோரைகள்: பொன்வரி, செம்பழுப்பு, ஊசி. ஒவ்வொன்றுக்கும் வெயிலில் ஒரு பாத்தி, நிழலில் ஒரு பாத்தி. பாத்திக்குப் பன்னிரண்டு செடி. யாருக்கும் சலுகை கிடையாது.

கோரைகள் தம்பி மனைவியின் பிள்ளைகள். தூர் பிரித்துப் பிரித்து எண்ணூறு தொட்டி வரைக்கும் கொண்டு வந்திருந்தாள், மேற்கே ஒரு தனிக் கொட்டகையில். சோதனையில் கோரை தோற்றால் அந்தக் கொட்டகையைக் காலி செய்து ரோஜா ஒட்டுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். "அண்ணி பதிவேடு என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படறேன்" என்று அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்தப் பதிவேட்டைத்தான் நான் திறந்து வைத்திருந்தேன்.

"அக்கா, சுத்தி வளைக்காம முடிவை மட்டும் படி" என்றான் தம்பி.

"முடிவை மட்டும் படிக்க நான் எதுக்கு? நீயே எழுத்துக் கூட்டிப் படிச்சிடலாமே."

கத்திரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

முறைப்படி படித்தேன். நரிவால், இருபத்து நான்கில் இருபத்து நான்கும் உயிரோடு. நிழலில் கொஞ்சம் சாய்ந்து வளரும், குளிர் நான்கு மாதமும் வைக்கோல் நிறம். வரிப்புல், இருபத்து மூன்று. அதுவும் குளிரில் காயும். கொத்துப்புல், இருபத்து நான்கு. பச்சை மாறாது, ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு சாண் கூடப் பரவவில்லை, முற்றத்தை மூட ஆறேழு வருடம் பிடிக்கும். கோரைகள், முதல் வருடம் சேதம் இல்லை. இரண்டாம் வருடம் குளிர் முடிந்ததும் அறுபதில் நாற்பத்திரண்டு இறப்பு. காரணம்: குளிர் தாங்கவில்லை.

"எழுபத்திரண்டு வச்சேன்" என்றாள் தம்பி மனைவி. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பன்னெண்டு சேர்க்கல. தண்ணித் தொட்டிச் சுவரோரம் இருக்கிற பாத்தி. சுவருக்குப் பூச்சு வேலை நடந்துது, சாரக் கம்புங்க பாத்திக்குள்ளயே நின்னுச்சு. அதனால வெட்டல. மத்ததோட சமமா நடத்தாததைச் சேர்க்கக் கூடாது. அதான் முறை."

"அதுல எத்தனை செத்துச்சு, அண்ணி?"

பக்கத்தைப் புரட்டினேன். சேர்க்காத பாத்தி என்பதால் அதற்கு எண் எழுதும் கட்டமே நான் போட்டிருக்கவில்லை. கத்திரிதான் பதில் சொன்னார்.

"அதுல ஒண்ணுகூடச் சாகலம்மா. நிழல்லதான் இருக்கு. கொழுகொழுன்னு நிக்குது."

பதிவேட்டில் அதற்கு முந்தைய பக்கம், என் கையெழுத்தில், அடிக்கோல் வைத்துக் கோடிட்ட வரி: 'இரண்டாம் வருடக் குளிர் முடிவில் எல்லாப் பாத்திகளும் ஒரே நாளில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வெட்டப்பட வேண்டும். விதிவிலக்கு இல்லை.' அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "கோரையையுமா வெட்டணும்?" என்று கத்திரி கேட்டார். "எழுதியிருக்கே, படிக்கலையா?" என்றேன். தம்பி மனைவி அப்போது இங்கே இல்லை. அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தாள், பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தாள். அதற்குள் செத்ததைப் பிடுங்கி எரித்துப் பாத்தியைக் கொத்திவிட்டிருந்தோம். குளிர்தான் காரணம் என்று நான் சொன்னேன். நான் சொன்னதால் அவள் நம்பினாள்.

நரிவால் குளிரில் படுத்துத் தூங்கும். காய்ந்த தாளை அடியோடு வெட்டினால்தான் புதுக்குருத்துக்கு வழி. கோரை தூங்குவதே இல்லை. பழைய இலையை வைத்துத்தான் குளிரையும் கடக்கும். அதை நான்கு விரலுக்கு வெட்டுவது, குடியிருக்கிற வீட்டின் அடுப்பங்கரையை இடித்துவிட்டு நன்றாக இரு என்று சொல்வது. செடி படித்த யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தும், எல்லோரையும் ஒன்றாக நடத்துவதுதான் நியாயம் என்ற ஒரே எண்ணம் அன்று கண்ணை மறைத்துவிட்டது.

"கோரையைக் கொன்னது குளிர் இல்ல" என்றேன். "நான்தான். அந்த வரி."

தம்பி கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பது போல. நான் எழுந்து நடந்தேன். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

தொட்டிச் சுவரோரம் பொன்வரிக் கோரை பன்னிரண்டும் நின்றன. நின்றன என்பது கூடச் சரியில்லை. ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, பன்னிரண்டும் ஒரே தலைமுடி போல ஆகி, பாத்தியின் கல் விளிம்பை மூடிக் கீழே வழிந்தன. சுவரின் சாம்பல் நிறத்துக்கு முன்னால் இலைகளில் ஓடிய மஞ்சள் கோடு யாரோ உள்ளே விளக்கு வைத்த மாதிரி தெரிந்தது. மாதாமாதம் நான் இந்த வழியாகத்தான் அடுத்த பாத்தியை அளக்கப் போயிருக்கிறேன். தம்பி மனைவி குனிந்து ஒரு கொத்தை வகிடு எடுப்பது போல விலக்கி அடித்தூரைப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் தம்பி குரலைத் தாழ்த்தினான். "சரி, கோரை நல்லது, நிழலுக்கு ஏத்ததுன்னு எழுதிடு. செத்த கதையெல்லாம் எதுக்கு? நம்ம மானத்தை நாமளே தபால்ல அனுப்பணுமா?"

"அனுப்பணும்."

"அக்கா, அவங்க பெரிய இடம். சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க தோட்டத்துலயும் ஒரு கத்திரி இருப்பார். ஒரு ரெஜிஸ்டரும் இருக்கும். பார்க்கப் புல்லாட்டம் இருக்குன்னு குளிர் முடிஞ்சதும் அடியோட வெட்டச் சொல்லி எழுதுவாங்க. அப்புறம் அந்த ஜன்னலுக்கு எதிர்ல கட்டாந்தரைதான். ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ள யாரையோ அனுப்பிட்டு வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

"அப்ப கத்திரிதான் தப்பா வெட்டிட்டார்னு எழுதேன்."

"எழுதுங்க, எனக்கென்ன" என்றார் கத்திரி. "கேட்டுட்டுத்தான் வெட்டினேன்னும் சேர்த்து எழுதுங்க."

கோபம் வந்தால் தம்பிக்குக் காது முதலில் சிவக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காது மட்டும்தான் சிவந்தது.

எழுத ஒரு மணி நேரம் ஆனது. நிழல் விழும் முக்கால் முற்றத்துக்குப் பொன்வரிக் கோரை. வெயில் எட்டும் ஜன்னல் முனையில் மட்டும் நரிவால், குளிரில் அது காய்வதைக் கோரையின் பச்சை மறைத்துக்கொள்ளும். ஓரத்துக்கு ஒரு வரிசை கொத்துப்புல், அவசரம் இல்லாதது. நரிவாலை வருடம் ஒருமுறை அடியோடு வெட்டலாம். கோரையில் கத்திரியே படக் கூடாது, காய்ந்த இலையைக் கைவிரலால் கோதி எடுத்தால் போதும். பிறகு தனிப் பத்தி: எங்கள் சோதனையில் நான் வகுத்த விதியின்படி கோரைகளையும் புல்லைப் போலவே வெட்டினோம், அதனால் சில செடிகள் இறந்தன, வெட்டப்படாத பாத்தியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் என் பிழை.

தம்பி நின்றபடியே படித்தான். அந்தப் பத்தி வந்ததும் மூச்சை இழுத்து விட்டான். "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டான், முப்பது வருடமாக ஒரே இடத்தில் போட்டுவருபவன். போட்டுவிட்டு, ரோஜா ஒட்டுகளை வேறெங்காவது வைக்க முடியுமா என்று கத்திரியிடம் கேட்டுக்கொண்டே வெளியே போனான். கத்திரி வைக்கலாம் என்றாரா, முடியாது என்றாரா, என் காதில் விழவில்லை.

தம்பி மனைவி கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வரி வரியாகப் படித்தாள். கடைசிப் பத்தியில் அவள் விரல் நின்றது.

"அண்ணி, உங்க கடிதத்துல 'சில'ங்கிற வார்த்தையை இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்ல."

கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

"ஒவ்வொண்ணையும் நான் கையால பிரிச்சு நட்டேன்" என்றாள், சாதாரணமாக, தண்ணீர் விட்டாயிற்று என்று சொல்லும் குரலில்.

பேனாவை எடுத்தேன். 'சில செடிகள்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, மேலே 'அறுபதில் நாற்பத்திரண்டு' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைச் சின்னதாக இட்டேன். அடித்தல் திருத்தலோடு ஒரு கடிதம் இந்தப் பண்ணையை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. புதிதாக எழுதலாமா என்று அவள் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மை காயும்வரை இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். மடித்தேன். உறையின் வாயைப் பசை தடவிக் கட்டைவிரலால் மூன்று முறை அழுத்தினேன்.

வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றிக் கையை நீட்டினார். அவர் பை அன்று நிறைந்து வழிந்தது. உறை பாதிதான் உள்ளே போனது. சரளைக்கல் பாதையில் சைக்கிள் குலுங்கிக் குலுங்கிப் போக, தெரு வளைவு திரும்பும்வரை அதன் வெள்ளை முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.